‘கை நீட்டுவார், மத்தபடி தங்கமான மனுஷன்’: வீட்டு வன்முறையின் முன் அறிகுறிகளும் தப்பிக்கும் வழிகளும்

‘கொஞ்சம் கோபக்காரர், எப்பவாவது கை நீட்டுவார், மத்தபடி தங்கமான மனுஷன்.’ நம் பக்கத்துக் கல்யாண வீடுகளிலும் சாவு வீடுகளிலும் பெண்கள் கூடி உட்காரும் இடத்தில் ஒருமுறையாவது காதில் விழும் பேச்சு இது. சொல்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார், கேட்பவரும் தலையாட்டுவார். கூடவே ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று யாராவது ஒரு பெரியம்மா முடித்துவைப்பார்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் அடி உதையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்திருக்கிறார்கள். நாடு முழுவதற்குமான கணக்கு 29. படிப்பிலும் வேலையிலும் முன்னால் நிற்கும் மாநிலம் இதில் மட்டும் தேசிய சராசரியைத் தாண்டி நிற்கிறது.

வீட்டு வன்முறை என்றதும் நமக்கு அடி, உதை, வீங்கிய கன்னம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அடி என்பது நடுவில் வருவது. அதற்கு வெகு முன்பே வேறு பல விஷயங்கள் தொடங்கியிருக்கும். அவற்றைப் பார்க்கத் தெரிந்துகொள்வதுதான் இந்தக் கட்டுரை. அப்புறம், பார்த்தபின் என்ன செய்வது என்பதும்.

கோபம் யார் மேல் வருகிறது?

முதலில் ‘கோபக்காரர்’ என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். வீட்டில் தட்டைத் தூக்கி வீசும் அதே மனிதர், வேலையிடத்தில் மேனேஜர் நாலு பேர் முன்னால் திட்டினால் என்ன செய்கிறார்? ‘சரி சார்’ என்கிறார். டிராஃபிக் போலீஸ் வண்டியை ஓரங்கட்டச் சொன்னால் பவ்யமாக ஓரங்கட்டுகிறார். கோபத்தை அடக்க அவருக்கு நன்றாகவே தெரிகிறது. வீட்டில் அடக்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைக்கிறார், அவ்வளவுதான். ‘குடிச்சாத்தான் அடிப்பார்’ என்பதையும் இதே கல்லில் உரசலாம். குடி நிலைமையை மோசமாக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் போதையிலும் அவர் உடைப்பது பெரும்பாலும் அவள் போனாகத்தான் இருக்கும், தன் போனாக இருக்காது. டாஸ்மாக் வாசலில் யாரையும் அடிக்காமல் வீடு வரை வந்து அடிக்கிறார் என்றால் போதைக்கும் ஆள் அடையாளம் தெரிகிறது என்று அர்த்தம்.

எனவே கோபம் எவ்வளவு வருகிறது என்பதை விட, அந்தப் பெண்ணின் உலகம் எவ்வளவு சுருங்கிக்கொண்டே போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். ஈரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். கல்யாணமான புதிதில் கணவன் தினமும் கடை வாசலில் வண்டியோடு நிற்பான். ‘கொடுத்து வச்சவடி நீ’ என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். நாலு மாதத்தில், ‘வண்டிதான் வருதே, பஸ் பாஸ் எதுக்கு?’ என்றாகிறது. பஸ் போனதோடு பஸ்ஸில் கூட வந்த தோழியும் போகிறாள். சம்பளம் அவள் கணக்கில்தான் விழுகிறது, ஆனால் ஏடிஎம் கார்டு அவன் பர்ஸில். ஜிபேயும் அவன் போனில். ‘உனக்கு எதுக்குடி டென்ஷன், நான் பாத்துக்கறேன்.’ தலைவலி மாத்திரை வாங்கக்கூட அவனிடம் 20 ரூபாய் கேட்க வேண்டும். அம்மாவிடம் பேசும்போது ஸ்பீக்கரில் போடச் சொல்கிறான். ஸ்டாக் எடுக்கும் நாளில் அரை மணி நேரம் தாமதமானால் வீடியோ காலில் வரச் சொல்லி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று சுற்றிக் காட்டச் சொல்கிறான். இதுவரை ஒரு அடிகூட விழவில்லை. யாரிடமாவது போய்ச் சொன்னால், ‘பாசத்துல பண்றான்மா’ என்பார்கள். அவளுக்கே அப்படித்தான் தோன்றும்.

இதில் தனித்தனியாக எதை எடுத்தாலும் சாதாரணமாகத் தெரியும். சேர்த்துப் பார்க்கும்போதுதான், போக்குவரத்து, பணம், தோழி, தாய் வீடு, நேரம் என்று ஒவ்வொரு கதவாகப் பூட்டப்பட்டிருப்பது புரியும். முதல் அடி விழும் நாளில் ஓட நினைத்தால் கையில் காசும் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை.

அடி விழுந்தபின் நடப்பதும் பல வீடுகளில் ஒரே மாதிரிதான். 1979-ல் லெனோர் வாக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை ஒரு சுழற்சியாக விவரித்தார். முதலில் வீட்டில் இறுக்கம் ஏறும். அவள் முட்டை ஓட்டின் மேல் நடப்பது போல நடப்பாள், பிள்ளைகளை ‘அப்பா வந்தாச்சு, சத்தம் போடாதே’ என்பாள். பிறகு ஒரு நாள் வெடிக்கும். அதற்கு மறுநாள் மல்லிப்பூ வரும், அல்வா வரும், காலில் விழுந்து அழுகையும் வரலாம். இனி இல்லை என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். அந்த அழுகை நடிப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அழுகைக்குப் பின்னும் ஏடிஎம் கார்டு அவன் பர்ஸில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வீட்டிலும் இந்தச் சுழற்சி அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. சில வீடுகளில் மல்லிப்பூவே வராது.

உயிருக்கு ஆபத்து என்று சொல்லும் அறிகுறிகள்

எல்லா வன்முறையும் கொலையில் முடிவதில்லை. எது முடியக்கூடும்? இந்தக் கேள்வியை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஜாக்குலின் கேம்பல் என்ற அமெரிக்கச் செவிலியர், பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். கொலையான பெண்களின் வழக்குகளைப் படித்து, எவையெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தன என்று தேடினார். அதிலிருந்து 1985-ல் ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார். இன்றும் பல நாடுகளில் மருத்துவமனைகளும் காவல்துறையும் அதையோ அதன் மாற்று வடிவங்களையோ பயன்படுத்துகின்றன.

அதில் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது கழுத்து. ‘அன்னிக்கு லேசா கழுத்தைப் பிடிச்சுட்டார்’ என்று ஒரு பெண் சொன்னால் அது அடியோடு சேர்த்து எண்ணக்கூடிய இன்னொரு அடி அல்ல. கழுத்தை நெரித்த துணையின் கையால் அந்தப் பெண் பிற்பாடு கொல்லப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 7 மடங்கு கூடுகிறது என்று கேம்பல் குழுவினரின் 2008 ஆய்வு காட்டியது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நெரித்த தடம் தோலில் தெரியாமலே போகலாம். குரல் கரகரப்பது, எச்சில் விழுங்கினால் வலிப்பது, கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், ஒரு நொடி நினைவு தப்பியது, தன்னையறியாமல் சிறுநீர் போனது, இவையெல்லாம் அடையாளங்கள். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். அதனால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ‘கழுத்தை நெரித்தார்’ என்று வாய்விட்டுச் சொல்லி, அதை எழுதிக்கொள்ளச் சொல்லவும் வேண்டும்.

இரண்டாவது, பிரிவு. ‘விட்டுட்டு வந்துட வேண்டியதுதானே’ என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். ஆனால் அவள் கிளம்பப்போகிறாள் என்று அவனுக்குத் தெரியும் நேரமும், கிளம்பிய பிறகான முதல் சில மாதங்களும்தான் மிக ஆபத்தானவை. கட்டுப்பாடு கையை விட்டுப் போகிறது என்று அவன் உணரும் நேரம் அது. ‘எனக்கு இல்லாதவ யாருக்கும் இல்ல’ என்ற பேச்சை வெறும் வீறாப்பு என்று ஒதுக்கக் கூடாது. கிளம்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சண்டையின் நடுவே ‘நான் போறேன்’ என்று அறிவித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம் என்கிறேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பமாக இருக்கும்போது அடிப்பது. கத்தி, அரிவாளைக் காட்டி மிரட்டுவது, மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ மேலே ஊற்றி மிரட்டுவது. விருப்பமில்லாத உடலுறவுக்கு வற்புறுத்துவது. அவள் போகும் இடமெல்லாம் பின்தொடர்வது. அளவு மீறிய சந்தேகம். ‘நீ போனா நான் செத்துருவேன்’ என்பதும் இதில் சேரும். தன்னை மாய்த்துக்கொள்வதாக மிரட்டுபவன் அதற்கு முன் அவளையும் பிள்ளைகளையும் கொன்ற வழக்குகள் உண்டு. எல்லாவற்றையும் விட, அடிகளின் இடைவெளி குறைந்துகொண்டே வருவது.

அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்க கேம்பல் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. பெண்ணின் கையில் ஒரு வருடக் காலண்டரைக் கொடுத்து, அடி விழுந்த நாட்களைக் குறிக்கச் சொல்வார். ‘எப்பவாவதுதான்’ என்று சொன்னவர்கள் தங்கள் கைப்படப் போட்ட குறிகளைப் பார்த்து அமைதியாகிவிடுவார்களாம். நம்மூர்ப் பெண்களுக்கு இது இன்னும் சுலபம். பிள்ளைக்குக் காதுகுத்துக்கு முந்தின வாரம், ஆடிப்பெருக்கு அன்று, தீபாவளிக்கு மறுநாள் என்று நாள் கிழமையோடு நினைவிருக்கும். ஒன்றே ஒன்று, அந்தக் காலண்டர் வீட்டுச் சுவரில் இருக்கக் கூடாது.

கேம்பலின் ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரியவந்தது. கொல்லப்பட்ட, அல்லது நூலிழையில் தப்பிய பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தங்களுக்கு உயிராபத்து இருப்பதாக நினைத்திருக்கவில்லை. ஆகவே ‘அவ்ளோ தூரம்லாம் போக மாட்டார்’ என்று அவள் சொல்வதை வைத்து நாம் நிம்மதியடைய முடியாது. ஆனால் ‘கொன்னுடுவாரோன்னு பயமா இருக்கு’ என்று சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டும்.

கணவன் இடத்தில் பெற்றோரும் அண்ணனும் மாமனும் நிற்கும் வன்முறையும் நம் ஊரில் உண்டு. பெண் வேறு சாதிப் பையனை விரும்புவது தெரிந்ததும் போனைப் பிடுங்குவது, திடீரென்று சொந்தக்காரர் ஊருக்கு அனுப்பிவைப்பது, அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது, எல்லாம் அடங்கியபின் ‘வாங்க, நாங்களே கல்யாணம் பண்ணி வைக்கிறோம்’ என்று தேன் தடவிய அழைப்பு. கடைசியில் சொன்னதுதான் மிக ஆபத்தானது. 2018-ல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படி மிரட்டப்படும் இணையருக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும், பாதுகாப்பாகத் தங்க இல்லங்களும் ஏற்படுத்தச் சொல்லியிருக்கிறது. சமாதானம் பேச வேண்டுமென்றால் அதைக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து பேசலாம், தோட்டத்து வீட்டுக்குத் தனியாகப் போக வேண்டாம்.

கிளம்பும் முன், கிளம்பும்போது

பாதுகாப்புத் திட்டம் என்று பெரிய பெயர் வைத்தாலும் இது சின்னச் சின்ன வேலைகள்தான். ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, இரண்டு கல்யாணப் போட்டோ, மருத்துவச் சீட்டுகள். இவற்றின் நகலை நம்பகமான ஒருவர் வீட்டில் வைக்க வேண்டும். அசலை ஒரே நாளில் எடுத்தால் பீரோவில் இடம் காலியாகத் தெரியும், ஒவ்வொன்றாக எடுக்கலாம். பஸ்ஸுக்கும் ஒரு வாரச் செலவுக்கும் கையில் பணமாக இருக்க வேண்டும், ஜிபே தடம் காட்டிக்கொடுக்கும்.

போனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைத் திறந்தால், உங்கள் வாட்ஸ்அப் வேறு எந்தக் கணினியிலாவது போனிலாவது ஓடுகிறதா என்று தெரியும். கூகுள் மேப்ஸில் லொகேஷன் பகிர்வு ஓடுகிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அவனுக்குத் தெரியும், அன்று இரவே கேள்வி வரும். முக்கியமான பேச்சை வேறு ஒருவரின் போனில் பேசிக்கொள்வது நல்லது. பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை 5 முறை தொடர்ந்து அழுத்தினால் அவசர அழைப்பு போகும். உங்கள் போனில் அந்த வசதி இருக்கிறதா, சைரன் போலச் சத்தம் எழுப்புமா என்று முன்பே பார்த்துவையுங்கள்.

அம்மாவுடனோ அக்காவுடனோ ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்ளலாம். ‘சாம்பார் பொடி அரைச்சாச்சா?’ என்று கேட்டால் ‘உடனே போலீஸுக்குப் போன் பண்ணு’ என்று அர்த்தம். ஸ்பீக்கரில் கேட்டாலும் யாருக்கும் சந்தேகம் வராது.

சண்டை தொடங்கிவிட்டால் சமையலறைக்குள் போகாதீர்கள். பழக்கத்தில் கால் அங்கேதான் போகும். ஆனால் கத்தி, அரிவாள்மனை, கொதிக்கும் எண்ணெய், கேஸ் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. குளியலறையிலிருந்து தப்பி வெளியேற வேறு வழி கிடையாது, அதனால் அதுவும் வேண்டாம். வாசலுக்குப் பக்கமாக நகர்ந்து நில்லுங்கள். கழுத்தில் துப்பட்டா சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டே விஷயம் சொல்லிவைத்தால் போதும்: நடுவில் வந்து விழக் கூடாது, பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டும்.

எங்கே போவது, யாரைக் கேட்பது

அந்த நொடியே ஆபத்து என்றால் 112. ஆலோசனை, மீட்பு, தங்க இடம் என்று எதுவானாலும் 181, பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களில் சிகிச்சை, சட்ட உதவி, சில நாள் தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இலவசம். இந்தியாவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, அதற்கு 15100. போலீஸுக்குப் போவதென்றால் அனைத்து மகளிர் காவல் நிலையம்தான் நினைவுக்கு வரும். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் நிலையம் தொடங்கிய மாநிலம் இது. ஆனால் அவசரத்துக்கு எந்தக் காவல் நிலையமும் புகாரை வாங்க வேண்டும். ‘இது எங்க லிமிட் இல்ல’ என்று திருப்பி அனுப்பக் கூடாது, எல்லை எதுவானாலும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம்.

சட்டத்தில் பலருக்குத் தெரியாத பகுதி 2005-ன் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். புருஷனை ஜெயிலில் போடுவதுதான் சட்டம் என்று பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. இந்தச் சட்டம் அடிப்படையில் சிவில் தன்மை கொண்டது. அடிக்காதே, அருகில் வராதே என்று நீதிமன்றம் உத்தரவு போடும். அந்த உத்தரவை மீறினால்தான் ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். வீடு கணவன் பெயரில் இல்லாமல் மாமியார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டிலிருந்து அவளைச் சட்டப்படியின்றி வெளியே தள்ள முடியாது. 2020-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும் இதில் பொருளாதார வன்முறை என்று எழுதப்பட்டிருக்கிறது. தாய் வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அதனால்தான் முதலிலேயே இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்வார்கள்.

இந்தச் சட்டம் பெண்களுக்கு மட்டும்தான். வீட்டில் அடி வாங்கும் ஆணுக்கு 112-ம் காவல் நிலையமும்தான் வழி. வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருப்பதால் அவர்கள் கதை பெரும்பாலும் வெளியே வருவதில்லை.

அப்புறம், அக்கம்பக்கத்தில் இருக்கும் நாம். அவளைத் தனியாகப் பார்க்கும்போது ‘வீட்ல பயமில்லாம இருக்கியாக்கா?’ என்று கேட்டால் போதும். வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டாம், அதை யார் படிக்கிறார்கள் என்று தெரியாது. அவனைக் கூப்பிட்டு ‘ஏம்பா இப்படிப் பண்ற?’ என்று பஞ்சாயத்து பேசினால், நாம் திரும்பிப் போனபின் அதற்கான அடி அவளுக்குத்தான் விழும். அவள் இன்றே கிளம்பாவிட்டால் கோபித்துக்கொள்ளவும் கூடாது. அடுத்த முறை கேட்க வாய்ப்பு வேண்டுமே. வன்முறை நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்குப் பாயாது என்று அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவே சொல்கிறது.

இரவு பத்து மணிக்குப் பக்கத்து வீட்டில் பாத்திரம் உருளும் சத்தமும் அதைத் தொடர்ந்து ஒரு அலறலும் கேட்டால்? ஆயுதம், தீ என்று தோன்றினால் 112, உள்ளே போகக் கூடாது. அந்த அளவுக்கு இல்லை என்று தோன்றினால், 2008-ல் இந்தியத் தொலைக்காட்சிகளில் ‘பெல் பஜாவ்’ (மணியை அடியுங்கள்) என்று ஒரு பிரசாரம் வந்தது, அதில் காட்டிய வழி இருக்கிறது: போய் மணியை அடிப்பது. ஆனால் தனியாகப் போகாமல் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கதவு திறந்ததும் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஒரு கிண்ணத்தை நீட்டி, ‘கொஞ்சம் உறை மோர் இருக்குமா? நாளைக்குத் தயிருக்கு இல்ல’ என்று கேளுங்கள். மோர் எடுக்க அவள் உள்ளே போய்த் திரும்பி வரும் வரை கதவு திறந்தே இருக்கட்டும்.